குரல் களைப்பு வினாநிரல்: தமிழில் எப்படிக் கேட்பது?

குரல் களைப்புச் சுட்டெண் என்பது, நெடுநேரம் பேசுவதால் குரலுக்கு ஏற்படும் களைப்பைப் பேசுபவரே மதிப்பிட்டுச் சொல்ல உதவும் வினாநிரல் ஆகும். சாயாதேவி நஞ்சுண்டேஸ்வரனும் உடன் ஆய்வாளர்களும் ஆங்கிலத்தில் உருவாக்கிய இது, 2015-ல் ஜர்னல் ஆஃப் வாய்ஸ் இதழில் வெளியானது. பின்னர் இத்தாலியம் உள்ளிட்ட பிற மொழிகளுக்கும் தழுவப்பட்டது. நாள் முழுவதும் பேசியே பிழைக்கும் ஆசிரியர்களுக்கு இது மிகவும் வேண்டிய கருவி. கள்ளக்குறிச்சிப் பகுதியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இது தமிழில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இங்கே ஆராய்கிறேன்.

அமைப்பு

இதில் மொத்தம் 19 கூற்றுகள் உள்ளன. முதல் 11 குரல் சோர்வையும் பேச்சைத் தவிர்ப்பதையும் பற்றியவை. அடுத்த 5 தொண்டை, கழுத்து வலியைப் பற்றியவை. கடைசி 3 ஓய்வுக்குப் பின் குரல் தேறுகிறதா என்பதைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 (ஒருபோதும் இல்லை) முதல் 4 (எப்போதும்) வரை மதிப்பெண் உண்டு. முதல் இரு பகுதிகளில் எண் கூடினால் தொல்லை கூடுதல். மூன்றாம் பகுதியில் எண் கூடினால் ஓய்வு நன்கு பயன் தருகிறது என்று பொருள். வலியையும் சோர்வையும் ஒன்றாகக் குழப்பாமல் தனித்தனியே அளப்பது இதன் சிறப்பு.

மொழிபெயர்ப்பில் வரும் சிக்கல்கள்

இத்தகைய வினாநிரலை வேறு மொழிக்குக் கொண்டுவர ஒரு முறை உண்டு. இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர், இரண்டையும் ஒன்றாக்குவர், மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதை மீண்டும் மூல மொழிக்கு மாற்றுவர், வல்லுநர் குழு ஒப்பிட்டுத் திருத்தும், பிறகு 30 அல்லது 40 பேரிடம் கேட்டுப் பார்ப்பர். முறை நல்லதே. ஆனால் சொல்லுக்குச் சொல் சரியாகத் திரும்பி வந்துவிட்டாலே தமிழ் சரி என்று ஆகிவிடாது.

முதலாவது, வலி. பேசப் பேசக் குரல் வலிப்பதாக மூலத்தில் ஒரு கூற்று உண்டு. தமிழில் குரல் வலிக்காது, தொண்டைதான் வலிக்கும். குரல் கம்மும், கரகரக்கும், அடைத்துக்கொள்ளும். நம் ஆசிரியர்கள் 'தொண்டை கட்டிக்கிச்சு' என்பார்களே தவிர, 'குரல் களைத்துவிட்டது' என்று சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டாவது, ஓய்வு. ஓய்வெடுத்தீர்களா என்றால் படுத்துத் தூங்கியதைச் சொல்வார்கள். இங்கே கேட்க வேண்டியது 'பேசாமல் இருந்தால் தொண்டை சரியாகிறதா?' என்பதுதான்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். 'வேலை முடிந்தபின் வீட்டாரிடம் பேச முடிவதில்லை' என்ற கூற்றுக்கு ஒருவர் 'ஒருபோதும் இல்லை' என்று குறித்தால் என்ன பொருள்? அப்படி நேர்வதே இல்லை என்பதா, ஒருபோதும் பேச முடிவதில்லை என்பதா? முன்னது 0, பின்னது 4. ஒரே விடை இரு துருவத்துக்குப் போகிறது. இத்தாலியத்திலும் 'ஒருபோதும்' என்பதற்கான சொல் பெரும்பாலும் எதிர்மறை வினையோடுதான் வரும் என்பதால், அங்கும் இது கவனிக்கத் தக்கது. 'வீட்டாரிடம் பேசுவது சிரமமாக இருக்கிறது' என்று உடன்பாட்டில் எழுதினால் குழப்பம் தீரும்.

மலைப்பள்ளியில் ஒரு கேள்வி

அதிகம் பேச வேண்டிவரும் சமூகச் சூழல்களைத் தவிர்ப்பது, பேச்சைக் குறைத்துக்கொள்வது ஆகியவற்றையும் முதற்பகுதி கேட்கிறது. தவிர்க்க வழி இருப்பவருக்கே இது பொருந்தும். கல்வராயன் மலையில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பையும் ஓர் அறையில் வைத்து நடத்துபவர் யாரிடம் பேச்சைக் குறைப்பார்? உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியருக்கு மாலைப் படிப்பும் உண்டு. அவர் இக்கூற்றுகளுக்கு 0 என்று குறித்தால், தொண்டை நலமாக இருக்கிறது என்றா பொருள்? வாயை மூட வழியில்லை என்பதே பொருள். ஆங்கில மூலத்தில் முதற்பகுதிக்கு 24 மதிப்பெண் எல்லையாகக் கொள்ளப்பட்டது. அதை அப்படியே இங்கு வைத்தால் உண்மையில் துன்பப்படுபவர் 'நலம்' என்ற பக்கத்தில் நின்றுவிடுவார். எல்லையை நம் ஆசிரியர்களிடம் கேட்டே வகுக்க வேண்டும்; 'குறைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டா?' என்று ஒரு கேள்வியையும் உடன் கேட்க வேண்டும்.

மதிப்பீடு

குரல் களைப்புச் சுட்டெண் நல்ல கருவி. சிறிது நேரத்தில் நிரப்பலாம், செலவு இல்லை. ஆனால் அது நோயறியும் சோதனை அன்று. எண் எதுவானாலும், குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெள்ளிமலையிலிருந்து மருத்துவரைத் தேடி இறங்கி வருவது ஒரு நாள் விடுப்பு. அந்த விடுப்பை எடுக்கத்தான் வேண்டுமா என்று ஓர் ஆசிரியர் முடிவு செய்ய இந்த வினாநிரல் உதவ வேண்டும். அதற்கு முதலில், கேட்கும் கேள்வி அவருக்கு விளங்க வேண்டும்.