'தோல்' நாவலுக்கு அகம் இல்லையா?

"பாத்திரங்களுக்கு அகமே இல்லப்பா, எல்லாம் புறந்தான்." திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதி, 2012-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற 'தோல்' நாவலைப் பற்றி நானும் இப்படிச் சொன்னவன்தான். ஆம்பூரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போகும்வரை.

ஷூ தோலின் மேல் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். அதன் எக்ஸ் கதிர் குரோமிய அணுவின் உள்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்றும். அந்தக் காலியிடத்துக்கு அடுத்த கூட்டு எலக்ட்ரான் இறங்கும்போது 5.41 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கதிர் வரும். குரோமியத்தின் கைரேகை அது.

"விஷமா சார்?"

"அது இதுல தெரியாது."

தோல் பதனிடப் போடுவது மூன்று எலக்ட்ரான் இழந்த குரோமியம். ஆறு இழந்தால் அதுவே புற்றுநோய் தரும் நஞ்சு. கிலோவுக்கு 3 மில்லிகிராம் இருந்தாலே 2015 முதல் ஐரோப்பா அந்தத் தோலை ஏற்பதில்லை. ஆனால் இந்த இழப்பெல்லாம் வெளிப்புறத்தில் நடப்பது. உள்கூட்டில் அதன் தடம் மிக மெல்லியது, கையடக்கக் கருவிக்குப் பிடிபடாது. தோலை நறுக்கி, கரைசலில் ஊறவைத்து, ஊதா நிறம் வருதான்னு பார்த்தால்தான் தெரியும். அகம் பெயரைச் சொல்கிறது, நடத்தையைச் சொல்வதில்லை.

இதே காலியிடத்தை கன அயனிகளை மோதவிட்டும் உண்டாக்கலாம். டெல்லி இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் அத்தகைய ஆய்வுகள் நடக்கின்றன. கன அயனி உள்கூட்டோடு நிற்காது. அடுத்த கூட்டிலும் பல எலக்ட்ரான்களைப் பறிக்கும். அப்போது கைரேகைக் கோடே கொஞ்சம் இடம் மாறும். மெதுவான மோதலில் இரண்டு அணுக்களும் கணநேரம் ஒரே மூலக்கூறு போலாகின்றன என்று 1965-இல் ஃபானோவும் லிக்டனும் விளக்கினார்கள். உள்ளிருந்த எலக்ட்ரான் அந்த நெருக்கத்தில் மேல் மட்டத்துக்கு ஏறி, பிரியும்போது பழைய இடத்துக்குத் திரும்பாமலே போகலாம். அந்தக் காலியிடம் ஓர் அணுவின் தனிக்கதை இல்லை.

'தோல்' காட்டுவதும் கூலி, சாதி, சங்கம் என்று கனமான மோதல்களைத்தான். அங்கே போய்த் தனிமனித அகத்தை மட்டும் தேடியது என் வாசிப்பின் கோளாறு. நாவலில் பிரச்சாரத் தொனி உண்டு என்று இப்பவும் சொல்வேன். அகம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்பா முப்பது வருஷம் டேனரியில் இருந்தார். "மனசுல என்னப்பா இருக்கு?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பேசாமல் உட்கார்ந்திருப்பார், வெடித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு. ஒருநாளும் நான் அந்தக் கைகளைப் பார்த்ததில்லை.