'லொள்ளு சபா' என்கிற இனிஷியல்

பழைய டிவி காமெடிக் குழு ஒன்று பல வருஷம் கழித்து மறுபடி ஒன்று சேர்ந்தால், பார்க்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "எல்லாரையும் ஒண்ணாப் பார்த்ததே போதும், கண்ணு கலங்கிடுச்சு" என்பது ஒரு கட்சி. "பழசை அப்படியே விட்டிருக்கலாம், எதுக்கு இந்த வேலை?" என்பது இன்னொரு கட்சி. இந்தக் குறிப்பு, தமிழில் நடந்த அப்படி ஒரு மறுசேர்க்கையைப் பற்றியது. நம்மூர்க் கதைக்கு முன்னால், உலகமே பார்த்த ஒன்றைத் தொட்டுவிட்டு வரலாம்.

'ஃப்ரெண்ட்ஸ்: தி ரீயூனியன்' 2021 மே 27-ல் வந்தது. இந்தியாவில் ஜீ5-ல் பார்த்தோம். 1994-லிருந்து 2004 வரை பத்து சீசன், 236 எபிசோட் ஓடிய தொடர். அதன் ஆறு பேரும் பழைய செட்டில், அதே சோபாவில் வந்து உட்கார்ந்தார்கள். ஜேம்ஸ் கார்டன் பேட்டி எடுத்தது, ஜஸ்டின் பீபர் உருளைக்கிழங்கு வேஷத்தில் நடந்து வந்தது இதெல்லாம் தேவையில்லை என்று சலித்துக்கொண்டவர்கள் நிறைய. ஆனால், ஆறு பேர் மட்டும் செட்டுக்குள் சுற்றிப் பார்த்து, பழைய ஸ்கிரிப்டை வாசிக்கிற இடங்களைக் குறை சொன்னவர்கள் குறைவு. ஓசூரிலிருந்து பெங்களூருக்குத் தினம் வேலைக்குப் போய்வரும் ஒரு தம்பி சொன்னது: "அண்ணா, விருந்தாளிங்க வர்ற சீனெல்லாம் ஓட்டிவிட்டுட்டேன். அந்த ஆறு பேரு சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்."

அந்த ஆறு பேரும் சும்மா உட்கார்ந்தால் போதும் என்கிற நிலை எப்படி வந்தது? அதற்குப் பின்னால் ஒரு சம்பளக் கதை இருக்கிறது. தொடர் ஓடும்போதே ஆறு பேரும் சேர்ந்து நின்று சம்பளம் பேசினார்கள். கடைசி இரண்டு சீசனில் ஆளுக்கு எபிசோடுக்குப் பத்து லட்சம் டாலர் வாங்கினார்கள். யாரும் யாருக்கும் கீழே இல்லை. அதனால்தான் பதினேழு வருஷம் கழித்தும் ஒரே சோபாவில் சமமாக உட்கார முடிந்தது. ஆனால் அதே காபிக் கடையில் பத்து சீசனும் கல்லாவுக்குப் பின்னால் நின்ற கந்தர் பாத்திரத்தின் நடிகர் ஜேம்ஸ் மைக்கேல் டைலர், அந்த ரீயூனியனில் வீடியோ காலில் சில நொடிகள் வந்துபோனார். அப்போது அவர் புற்றுநோயோடு இருந்தார். அந்த அக்டோபரிலேயே காலமானார். சோபாவில் இடம் இருந்தது ஆறு பேருக்குத்தான்.

இனி நம்ம கதை.

2000-களின் நடுவில் விஜய் டிவியில் 'லொள்ளு சபா' வந்தது. இயக்கியவர் ராம்பாலா. ஓடி ஜெயித்த தமிழ்ப் படத்தை எடுத்து, பெயரைக் கொஞ்சம் திருகி, விக்கும் ஒட்டு மீசையும் மாட்டிக் கிழி கிழி என்று கிழிப்பார்கள். செட்டைப் பார்த்தாலே காசில்லை என்று தெரியும். அதையும் அவர்களே கிண்டல் பண்ணிக்கொள்வார்கள். சந்தானம், சாமிநாதன், மனோகர், சேஷு, ஜீவா, மாறன் என்று ஒரு கூட்டம். யோகி பாபுவும் சின்னச் சின்ன வேஷத்தில் தலைகாட்டியது அங்கேதான்.

பிறகு நடந்ததைப் பெயர்களிலேயே படிக்கலாம். சினிமாவில் பெரிய ஆளானதும் சந்தானம் வெறும் சந்தானம். யோகி பாபு வெறும் யோகி பாபு. மற்றவர்கள் 'லொள்ளு சபா' சேஷு, 'லொள்ளு சபா' மனோகர், 'லொள்ளு சபா' சாமிநாதன், 'லொள்ளு சபா' மாறன். அப்பா பெயர் இனிஷியலாக ஒட்டிக்கொள்கிற மாதிரி நிகழ்ச்சியின் பெயர் ஒட்டிக்கொண்டது. இனிஷியலை உதறியவர் நட்சத்திரம், உதற முடியாதவர் துணை நடிகர். இப்படி ஆன குழுவை ஒரு சோபாவில் உட்காரவைத்து, "அந்தக் காலத்துல என்ன ஜாலியா இருந்தோம்" என்று பேச வைத்தால் ஒட்டாது. நேற்று சமமாக நின்றவர்கள் இன்று ஒரே உயரத்தில் இல்லை.

அதனால் நம்மூர் ரீயூனியன் வேறு வழியில் நடந்தது, சினிமா வழியாக. 2016-ல் ராம்பாலா இயக்கத்தில் சந்தானம் நாயகனாக 'தில்லுக்கு துட்டு', 2019-ல் அதன் இரண்டாம் பாகம். அதே 2019-ல் 'ஏ1'. 2023-ல் 'டிடி ரிட்டர்ன்ஸ்', 2024 பிப்ரவரியில் 'வடக்குப்பட்டி ராமசாமி'. இயக்குநர்கள் மாறினாலும், சந்தானம் படம் என்றால் சேஷு, மாறன், மனோகர் என்று பழைய முகங்களில் ஒன்றிரண்டாவது தட்டுப்படும். யாரும் இதற்கு ரீயூனியன் என்று பெயர் வைக்கவில்லை. போஸ்டரில் போடவும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இதைப் பற்றி எங்கள் பேரிகைப் பக்கம் கொஞ்ச நாளாக விசாரித்துக்கொண்டிருந்தேன். இங்கே கேட்பதில் ஒரு வசதி உண்டு. ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிற பையன்கள் மதுரை, திருவண்ணாமலை என்று எல்லா ஊரிலிருந்தும் வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். ஒரே நிகழ்ச்சியை வேறு வேறு கண்ணால் பார்த்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பார்கள்.

நாற்பதைத் தாண்டிய ஒரு சூப்பர்வைசர் அண்ணன் சொன்ன குறை இது: "படத்துல அதே மூஞ்சிங்க இருக்கு. ஆனா லொள்ளு சபா இல்ல. அங்க பெரிய ஹீரோவையே ஓட்டுவாங்க. இங்க ஒருத்தரை ஒருத்தர் ஓட்டிக்கிறாங்க." ரூம் பையன்களில் இருபத்திரண்டு வயசுக்காரன் ஒருவன் நிகழ்ச்சியை டிவியில் பார்த்ததே இல்லை. யூடியூப் துண்டுகள்தான். அவனுக்குப் படங்களே அசல், நிகழ்ச்சி அதற்கு முன்கதை. வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு கடைக்காரர் இன்னும் சுவாரஸ்யமாகச் சொன்னார்: கிண்டல் செய்யப்பட்ட மூலப்படங்களில் பாதியை அவர் பார்த்ததே கிடையாதாம். ஆனாலும் மனோகர் உடம்பை நெளித்து இழுத்துப் பேசினாலே சிரிப்பு வந்துவிடுமாம்.

சூப்பர்வைசர் சொல்வது விமர்சனமாகச் சரி. லொள்ளு சபாவின் பலம் அதற்கு ஒரு குறி இருந்தது. தமிழ் சினிமாவின் பில்டப், தியாகம், பஞ்ச் டயலாக் எல்லாம் அந்தக் குறிக்குள் வந்தன. குறியைத் தூக்கிவிட்டு முகங்களை மட்டும் பேய் பங்களாவுக்குள் அனுப்பினால், மிஞ்சுவது கவுன்ட்டர் வசனம்தான். சிரிப்பு வருகிறது, அந்தத் துணிச்சல் வரவில்லை. நாயகனைக் கிழித்த கூட்டம் இப்போது ஒரு நாயகனைச் சுற்றி நிற்கிறது. இந்த முரண்பாட்டைப் படங்கள் தாண்டவே இல்லை.

ஆனால் கடைக்காரர் சொல்வதில் வேறொரு உண்மை இருக்கிறது. அவர் சிரித்தது கேலிக்கு மட்டுமல்ல, ஒரு மனிதனின் உடம்புக்கும் குரலுக்கும். அந்த உடம்பும் குரலும் திரையில் இருக்க வேண்டுமென்றால் யாராவது கூப்பிட்டு வேலை கொடுக்க வேண்டும். நினைவுப் பேட்டி ஒரு நாள் கூலி. படம் என்றால் ஷூட்டிங் நாட்கள், வசனம், அடுத்த படத்துக்கு ஒரு அறிமுகம். "அதே ஆளுங்களையே போடுறாரு" என்று சந்தானத்தைக் குறை சொல்கிறவர்கள், அவர் போடாவிட்டால் வேறு யார் போட்டிருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

'வடக்குப்பட்டி ராமசாமி' வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2024 மார்ச் 26-ல் சேஷு காலமானார். செய்திகளில் அவருடைய பெயர் அதே இனிஷியலோடுதான் வந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் மேத்யூ பெர்ரி போனபோது, ஃப்ரெண்ட்ஸ் ரசிகர்களுக்குக் கடைசியாக அந்த ஆறு பேர் சோபா இருந்தது. நமக்கு அப்படி ஒரு சோபா இல்லை. சேஷு கடைசிவரை வேலை செய்துகொண்டிருந்த படங்கள் இருக்கின்றன.

என் தீர்ப்பு இதுதான். கலையாகப் பார்த்தால் இந்தச் சந்தானம் படங்கள் லொள்ளு சபாவின் பாதிதான். ரீயூனியனாகப் பார்த்தால், கந்தரை வீடியோ காலில் நிறுத்திய அந்தப் பளபளப்பான நிகழ்ச்சியைவிட இவை நேர்மையானவை. இதில் ஓரத்தில் நின்றவர்களுக்கும் வசனம் இருந்தது, சம்பளமும் இருந்தது. இனி யாராவது ஒரு சேனல், மிச்சம் இருப்பவர்களை வைத்து ஒரு 'ஸ்பெஷல்' எடுக்கிறதாக இருந்தால் எனக்கு ஒரே ஆசைதான். பேட்டி வேண்டாம், மலரும் நினைவுகள் வேண்டாம். இந்த வருஷம் ஓடிய பெரிய படம் ஒன்றைக் கொடுத்து, பழைய விக்கையும் கொடுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.