பகுதி இல்லாத பின்னம்: செக்யூர்-ஐபிடி பதிவேட்டைப் பற்றி

கிரோன் நோய், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ரெண்டையும் சேர்த்துத்தான் குடல் அழற்சி நோய், சுருக்கமா ஐபிடின்னு சொல்றாங்க. பலருக்கு நோய் எதிர்ப்பைத் தணிக்கிற மருந்துதான் சிகிச்சை. அதனால 2020-ல கொரோனா பரவியதும் இவர்கள் கேட்ட முதல் கேள்வி: "எங்களுக்கு ஆபத்து அதிகமா?"

இதற்குப் பதிலாக அதிகம் காட்டப்பட்டது செக்யூர்-ஐபிடி என்ற சர்வதேசப் பதிவேடு. அதன் முதல் கட்டுரையில் 33 நாடுகளைச் சேர்ந்த 525 நோயாளிகள். 37 பேருக்கு (7%) நிலைமை மோசமானது; அதாவது ஐசியு, வென்டிலேட்டர் அல்லது மரணம். ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு வாய்ப்பு விகிதம் 6.9. டிஎன்எஃப் தடுப்பு மருந்துகளுக்கு அப்படிக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை.

பயனுள்ள வேலைதான். ஆனால் கேட்ட கேள்விக்குள்ளே ரெண்டு கேள்வி இருக்கு. எங்களுக்குத் தொற்று எளிதா வருமா? வந்தால் மோசமாகுமா? பதிவேட்டில் இருக்கிற 525 பேரும் ஏற்கெனவே தொற்று வந்தவர்கள். மொத்தம் எத்தனை ஐபிடி நோயாளிகளிலிருந்து இவர்கள் வந்தார்கள் என்பது இதில் கிடையாது. பின்னத்தில் மேலே தொகுதி இருக்கு, கீழே பகுதி இல்லை. ஆக, முதல் கேள்விக்கு இது பதிலே சொல்லாது.

ரெண்டாவது கேள்விக்கும் நிதானம் வேணும். பதிவுகள் டாக்டர்கள் தாமாக அனுப்பியவை. 2020 தொடக்கத்தில் டெஸ்ட் கிடைப்பதே கஷ்டம்; வீட்டிலேயே காய்ச்சல் வந்து சரியானவர்கள் கணக்கில் வர வழி குறைவு. அந்த 7% உண்மையைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

6.9-க்கு நம்பக இடைவெளி 2.3 முதல் 20.5 வரை. திசை தெளிவு, அளவு தெளிவில்லை. இன்னொரு விசித்திரம்: எதிர்ப்பைப் பெரிதாகக் குறைக்காத சல்ஃபாசலசின், மெசலமின் வகைக்கும் விகிதம் 3.1 வந்தது. மருந்தின் குணமா, ஒப்பீட்டின் கோளாறா என்று இங்கே சந்தேகப்படுவதுதான் நியாயம்.

சரி, தொற்று வந்தவர்களை ஆன்டிபாடி டெஸ்ட் வைத்து எண்ணலாமே? பிரிட்டனின் கிளாரிட்டி ஐபிடி ஆய்வு ஏறத்தாழ 7,000 பேரிடம் அதைச் செய்தது. இன்ஃப்ளிக்சிமாப் எடுத்தவர்களில் 3.4% பேருக்கும், வெடோலிசுமாப் எடுத்தவர்களில் 6.0% பேருக்கும் ஆன்டிபாடி இருந்தது. இன்ஃப்ளிக்சிமாப் பாதுகாக்குதுன்னு அர்த்தமா? இல்லை. அறிகுறியோடு வந்த தொற்றும், டெஸ்டில் உறுதியான தொற்றும் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். அந்த மருந்தில் ஆன்டிபாடி உருவாவதே குறையுது, அவ்வளவுதான்.

இதெல்லாம் வெறும் புள்ளியியல் சண்டை இல்லைங்க. "எதிர்ப்பைக் குறைக்கிற மருந்து, அதனால ஆபத்து" என்று மேலோட்டமாகப் படித்து ஒருவர் ஊசியை நிறுத்தினால் நோய் கிளம்பும். கிளம்பினால் அடக்க டாக்டர் பெரும்பாலும் கையில் எடுப்பது ஸ்டீராய்டு. பதிவேட்டில் எது ஆபத்தாகத் தெரிந்ததோ, அதிலேயே போய் விழுவோம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீங்க. ஸ்டீராய்டைக் குறைக்க வழி உண்டான்னு டாக்டரிடம் கேளுங்க. குறைகளோடு படித்தாலும் இந்தப் பதிவேடு தாங்குகிற முடிவு அது.