ஒரு பாட்டுக்கு வந்தவர்

லாங் ஐலண்டின் நாசோ கொலிசியம் ஐஸ் ஹாக்கிக்குப் பேர்போன அரங்கம். நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி 1980 முதல் 1983 வரை வரிசையாக நான்கு ஸ்டான்லி கோப்பைகளை வென்றபோது இதுதான் அவர்களுடைய சொந்த மைதானம். அப்போது 16,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1990 மார்ச் 29, வியாழக்கிழமை இரவு அங்கே இறங்கியது கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு. கூடவே ஒரு விருந்தாளி: சாக்ஸபோன் கலைஞர் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ். ஒத்திகை கிடையாது. இந்தப் பத்தியில் வழக்கமாக ஸ்கோர்கார்டைத்தான் பிரித்து மேய்வோம். இந்த வாரம் அந்த ஒரு கச்சேரியை அப்படிப் பிரிக்கப் போகிறேன். பதிவு கையில் இருக்கிறது, ரீப்ளே பார்க்க வசதி.

டெட் குழுவைப் பற்றி இரண்டு வரி. 1965-ல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் தொடங்கியவர்கள். நேற்று வாசித்த வரிசையை இன்று வாசிக்க மாட்டார்கள். வரிகளைப் பாடி முடித்ததும் கரையை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். எப்போது திரும்புவோம் என்று அவர்களுக்கே தெரியாது. ரசிகர்கள் டேப் ரிக்கார்டரும் மைக்குமாக வந்து பதிவு செய்துகொள்ள 1984 முதல் அரங்கில் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஜாம் பேண்ட் என்ற வகைக்கே மூலவர்கள் இவர்கள்தான்.

இருபத்தைந்து வருடம் சேர்ந்து ஓடிய ஜோடிக்கு ரன் எடுக்க ‘யெஸ்’, ‘நோ’ சொல்ல வேண்டியதில்லை. கண்ணைப் பார்த்தால் போதும். மறுமுனைக்குப் புது ஆள் வரும்போதுதான் சிக்கல். விருந்தாளி வரும் கச்சேரிகளில் நான் கேட்டவரை பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். வந்தவர் தன் சரக்கு முழுவதையும் முதல் ஓவரிலேயே இறக்கிவிடுவார். இல்லையென்றால் வீட்டுக்காரர்கள் அளவுக்கு மீறி உபசரித்து, ‘நீங்க ஒரு சுற்று, நான் ஒரு சுற்று’ என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் கைதட்டல் கிடைக்கும். வீட்டுக்கு வந்தபின் ஒன்றும் நினைவில் நிற்காது.

மார்சாலிஸுக்கு அப்போது 29 வயது. நியூ ஆர்லியன்ஸின் ஜாஸ் குடும்பம். அப்பா எல்லிஸ் பியானோ, தம்பி விண்டன் டிரம்பெட். ஆர்ட் பிளேக்கியின் குழுவில் தேறியவர், 1985-ல் ஸ்டிங்கின் முதல் தனி ஆல்பத்தில் வாசித்து ராக் பக்கமும் எட்டிப் பார்த்தவர். ராக் மேடைக்கு வரும் ஜாஸ்காரர்கள் சிலருக்கு ஒரு வியாதி உண்டு: ‘இவ்வளவுதானா கோர்டு?’ என்கிற அலட்சியம். இவருக்கு அது இல்லை.

அவரை இறக்கிய இடமும் சரியான இடம். முதல் பாதியின் ஆறாவது பாட்டு, ‘பேர்ட் சாங்’. ஜானிஸ் ஜாப்ளின் நினைவாக எழுதப்பட்டு, டெட் குழுவின் கிடார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியாவின் 1972 தனி ஆல்பத்தில் வந்தது. மெல்ல நடக்கும், வரிகள் குறைவு, நடுவில் பெரிய வெட்டவெளி. அறிமுக ஆட்டக்காரருக்கு இதைவிடத் தோதான பிட்ச் கிடைக்காது. மார்சாலிஸ் சிங்கிள் தட்டித்தான் தொடங்குகிறார். கார்சியா கிடாரில் ஒரு சங்கதியை வாசித்து நிறுத்தினால், அதன் வாலில் இருக்கும் இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டும் எடுத்து லேசாகத் திருப்பிக் கொடுக்கிறார். கார்சியாவுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. அடுத்ததைக் கொஞ்சம் கோணலாகப் போட்டுப் பார்க்கிறார். அதுவும் திரும்பி வருகிறது.

ஒரு பாட்டுக்குத்தான் பேச்சு. இடைவேளையில், இரண்டாம் பாதி முழுக்க இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இம்பாக்ட் பிளேயர் என்றால் சட்டென்று புரியும். ஆனால் இம்பாக்ட் பிளேயர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும். இங்கே யாரும் போகவில்லை. இரண்டு கிடார், பேஸ், கீபோர்டு, இரண்டு டிரம்ஸ் என்று ஏற்கெனவே நெரிசலான மேடையில் ஏழாவது ஆள்.

இரண்டாம் பாதி ‘ஐஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ பாட்டோடு தொடங்குகிறது. (ஹாக்கி ஐஸ் இல்லை, கண்கள்.) சுமார் 16 நிமிடம். சோலோக்களை எல்லோரும் கவனிப்பார்கள். நீங்கள் கார்சியா பாடும் இடங்களைக் கேளுங்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு அவர் மூச்சு வாங்கும் அந்த இடுக்கில் சாக்ஸ் ஒரு சின்ன பதில் சொல்லிவிட்டு, அடுத்த சொல் வருவதற்குள் ஒதுங்கிவிடுகிறது. நம் கச்சேரியில் பக்கவாத்திய வயலின் செய்கிற வேலை. கீழே ஃபில் லெஷின் பேஸ், அடித்தளம் போட்டு உட்காராமல் தன் போக்கில் எதிர்மெட்டு பின்னிக்கொண்டு போகிறது. மூன்று மெட்டுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன, ஒன்றின் காலை ஒன்று மிதிக்கவில்லை.

ஆட்டநாயகன் விருதை நான் கார்சியாவுக்குத்தான் கொடுப்பேன். சாக்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். கார்சியாவுக்கு அப்போது 47 வயது. 1986-ல் சர்க்கரை நோய் முற்றிக் கோமா வரை போய்த் திரும்பி, விரல்களுக்குக் கிடாரை மறுபடி கற்றுக்கொடுத்தவர். கிடாரிலேயே குழல், கொம்பு ஓசைகளை எழுப்பும் மிடி கருவியோடு அந்த நாட்களில் விளையாடிக்கொண்டிருந்தார். கூட்டம் வருவதே அவருக்காக. அன்றைக்கு நிஜமான காற்று வாத்தியம் பக்கத்தில் வந்து நின்றதும் கேப்டன் ஸ்ட்ரைக்கைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அதிகப் பந்துகளைச் சந்தித்தது விருந்தாளி.

அடுத்து ‘எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்’, பாப் வியர் பாடுவது. ஏழு எண்ணிக்கையில் ஓடும். மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. நான்கு நான்காக எண்ணிப் பழகிய ராக் மேடையில், புதிதாக வந்தவரைத் தடுக்கி விழவைக்கச் சரியான கண்ணி. அவர் விழவில்லை. பிறகு ‘டார்க் ஸ்டார்’. 1968-ல் மூன்று நிமிடம்கூட ஓடாத சிங்கிளாக வந்து, மறுவருடம் ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் இருபது நிமிடத்தைத் தாண்டிய பாட்டு. எண்பதுகளில் கிட்டத்தட்டக் காணாமல் போய், 1989 அக்டோபரில் ஹாம்ப்டனில்தான் மீண்டும் தலைகாட்டியது. ரசிகர்கள் வருடக்கணக்காகத் தவம் கிடந்த பாட்டை விருந்தாளி கையில் கொடுத்தார்கள் என்றால், அந்த அரைமணி நேரத்தில் அவர்மேல் வந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதன் நடுவே டிரம்ஸ் தனி. பில் க்ரூட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும். இந்த ஹார்ட் நமக்கு அந்நியரில்லை. மறுவருடம் அவர் கொண்டுவந்த ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகீர் உசேனின் தபேலாவும் உண்டு. உலக இசை ஆல்பத்துக்கு முதல் கிராமி விருது வாங்கியது அதுதான்.

கடைசி ஓவர்களில் வேகம் கொஞ்சம் குறைகிறது. ‘த்ரோயிங் ஸ்டோன்ஸ்’ பாட்டில் வார்த்தைகள் அடைசலாக வரும், சாக்ஸுக்கு நிற்க இடமில்லை. மார்சாலிஸ் அங்கே பெரும்பாலும் நான்-ஸ்ட்ரைக்கர்தான். பாபி பிளாண்டின் ‘டர்ன் ஆன் யுவர் லவ்லைட்’ வந்ததும் நிலைமை மாறுகிறது. கொம்பு வாத்தியங்களுக்கென்றே பிறந்த பாட்டு. அங்கே மட்டும் அவர் கொஞ்சம் கையைச் சுழற்றுகிறார், அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

பிற்பாடு அவர் இந்தக் குழுவோடு இன்னும் சில முறை வாசித்தார். அன்றைய ‘ஐஸ்’ மட்டும் ‘விதவுட் எ நெட்’ ஆல்பத்தில் 1990 செப்டம்பரில் வெளியானது. முழுக் கச்சேரி ஆல்பமாக வர 2014 ஆகிவிட்டது. அதுவரை கேசட்டுகளில் கைமாறிக்கொண்டிருந்தது. கீபோர்டு வாசித்த பிரென்ட் மிட்லண்ட் முதல் ஆல்பத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஜூலை 26-ம் தேதி, 37 வயதில் இறந்துபோனார். ‘ஐஸ்’ பாட்டைக் கேட்கும்போது சாக்ஸும் கிடாரும் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அடியில் அவருடைய கீபோர்டைத் தேடிப் பாருங்கள். இருவரும் ஒரே சமயம் மூச்சு வாங்கும் இடங்களில் பள்ளம் விழாமல் அவர்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறார். ஸ்கோர்கார்டில் அவர் பெயருக்கு நேரே பெரிதாக ஒன்றும் இருக்காது.