தபால் செலவு என்னும் இரண்டாவது விலை

ஈபே ஏலத்தில் ஒரு பழைய இசைக் குறுந்தகடு 1 சென்ட்டில் தொடங்குகிறது. தபால் செலவு 9 டாலர் 99 சென்ட் என்று அதே பக்கத்தில் போட்டிருக்கிறது. ஏலத்தில் எடுத்தவர் வீட்டுக்குப் பார்சல் வருகிறது. உறையின் மேல் ஒட்டிய கட்டணம் 3 டாலரைக்கூடத் தொடவில்லை. மீதிப் பணம் எங்கே என்று அவர் கேட்கிறார். பார்த்துவிட்டுத்தானே ஏலம் கேட்டீர்கள் என்று விற்றவர் பதில் எழுதுகிறார். இணைய ஏலம் தோன்றிய நாளிலிருந்து ஓயாத வழக்கு இது. இதில் யார் சரி என்று கேட்பதோடு நின்றுவிட முடியாது. வழக்கை விளைவித்த விதியையும், அதைத் தீர்க்க ஈபே அடுத்தடுத்துக் கையாண்ட முறைகளையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

முதலில் அளவுகோல். விற்பவர் குறிப்பிடும் தபால் தொகையைச் செலவுக் கணக்கு என்று கொண்டால், தபால்தலைக்கு மேல் வாங்கிய ஒவ்வொரு சென்ட்டும் திருப்பித் தரவேண்டியது. விலையின் ஒரு பகுதி என்று கொண்டால், ஏலம் கேட்டவர் இரண்டையும் கூட்டிப் பார்த்தே கேட்டிருக்க வேண்டும். பிறகு முறையிட இடமில்லை. ஈபேயின் விதி இரண்டுக்கும் நடுவில் நின்றது. அசல் கட்டணத்தோடு நியாயமான கையாளும் செலவைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. எதுவரை நியாயம் என்று சொல்லவில்லை. அட்டைப்பெட்டி, குமிழித்தாள், ஒட்டுநாடா, தபால் நிலையத்துக்குப் போய்வரும் நேரம் எல்லாம் உண்மையான செலவுகள். தபால்தலையை மட்டும் பார்த்து விற்றவரைத் திருடர் என்பது பிழை. ஆனால் 3 டாலர் பார்சலுக்கு 7 டாலர் கையாளும் செலவு என்பதை எந்தப் பெட்டியும் நாடாவும் நியாயப்படுத்தாது.

என் அளவுகோல் இது: வெளிப்படையாக அறிவித்த தபால் தொகை ஒரு சேவைக்கான வாக்குறுதி. சொன்ன வழியில், சொன்ன வேகத்தில், சேதமில்லாமல் பொருள் வந்து சேர்ந்தால் அதில் மிச்சம் பிடித்தவர்மேல் குற்றமில்லை. வாக்கு மீறப்பட்ட இடத்தில் வாங்கியவர் கேட்பது முழு நியாயம். அமெரிக்காவில் ‘பிரியாரிட்டி மெயில்’ கட்டணம் வாங்கிக்கொண்டு, புத்தகத்தை மலிவான, மெதுவான ‘மீடியா மெயில்’ வழியே அனுப்புவது மிகைக் கட்டணம் அன்று, ஏமாற்று. ஒரே விற்பனையாளரிடம் எடுத்த மூன்று அஞ்சலட்டைகளை ஒரே உறையில் போட்டுவிட்டு, சேர்த்து அனுப்பினால் குறைப்பதாகச் சொன்ன பிறகும் மூன்று தபால் செலவு வாங்குவதும் அவ்வகையே.

வாங்கியவரின் கோபம் தவறான இடத்தில் விழுவதும் உண்டு. 2006 ஆகஸ்டில் பிரிட்டனின் ராயல் மெயில், எடையோடு அளவையும் வைத்துக் கட்டணம் கணக்கிடத் தொடங்கியது. 25 மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டினால் ‘பெரிய கடிதம்’ என்ற வகையை விட்டுப் பொருள் பொட்டல வகைக்குப் போய்விடும். இறகு எடையுள்ள பொம்மை, பெட்டியோடு 30 மில்லிமீட்டர் இருந்தால் அதற்குப் பொட்டலக் கட்டணம்தான். இதற்கா இவ்வளவு என்று கையில் தூக்கிப் பார்த்துச் சண்டைக்கு வந்தவர்கள் எடையை அளந்தார்கள். தபால் நிலையம் தடிமனை அளந்தது. இங்கே விற்றவர் நேர்மையாகவே நடந்திருக்கிறார்.

ஆனால் 1 சென்ட் குறுந்தகட்டின் கதை வேறு. அதன் வேர் விற்பவரின் பேராசையில் மட்டும் இல்லை. 1995-ல் பியேர் ஒமிட்யார் தொடங்கிய தளம் ஈபே. வளர்ந்த பின்னும் கமிஷனை ஏலத்தில் முடிந்த விலைக்கு மட்டுமே வசூலித்தது, தபால் தொகையைத் தொடவில்லை. பழம்பொருள் சேகரிப்பவர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிய காலத்தில் அது பொருத்தமான முடிவு. தபால் பணம் விற்பவர் கை வழியே தபால் துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. வணிகர்கள் பெருகிய பின் அதே விதி ஓட்டையாயிற்று. விலையைத் தபால் தொகைக்குள் தள்ளிவிட்டவருக்குக் கமிஷன் இல்லை. அதோடு ஏல விலையை வைத்து வரிசைப்படுத்தும்போது அவருடைய பொருளே மலிவானதாக மேலே வந்து நின்றது. நேர்மையாக விலை போட்டவர் கமிஷனும் கட்டினார், பட்டியலில் கீழேயும் போனார்.

வாங்குபவர்கள் இதில் உண்மையிலேயே ஏமாறுகிறார்களா? தன்ஜிம் ஹொசைனும் ஜான் மோர்கனும் 2006-ல் வெளியிட்ட கள ஆய்வு இதற்கான முதல் கறாரான விடை. இசைக் குறுந்தகடுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் இணை இணையாக 80 ஏலங்களில் விற்றார்கள். ஒன்றில் தொடக்க விலை 4 டாலர், தபால் இலவசம். அதன் இணையில் தொடக்க விலை 1 சென்ட், தபால் 3 டாலர் 99 சென்ட். கூட்டினால் இரண்டும் ஒன்றே. கணக்குத் தெரிந்தவர்கள் ஏலம் கேட்டால் விற்பவருக்குக் கிடைக்கும் மொத்தமும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் தபாலில் ஒளித்த ஏலமே பெரும்பாலும் கூடுதல் ஈட்டியது. ஆய்வின் சிறப்பு அதன் எளிமை. அதன் எல்லையும் அதிலிருந்தே வருகிறது. கடை விலை எல்லாருக்கும் தெரிந்த புதுச் சரக்கை வைத்துச் செய்த சோதனை, ஒன்றே ஒன்றாகக் கிடைக்கும் பழம்பொருளுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. மொத்தத்தை 8 டாலராக உயர்த்தியபோது குறுந்தகடுகளில் அந்த வேறுபாடு மறைந்தும் போனது. ஒளித்தால் எப்போதும் லாபம் என்று இதை மேற்கோள் காட்டுபவர்கள் அந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஜெனிஃபர் பிரவுனோடு சேர்ந்து அதே இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு முறையியலில் ஒரு படி மேல். தைவானிலும் அயர்லாந்திலும் ஐபாடுகளை ஏலம் விட்டு, தபால் தொகை எவ்வளவு என்பதையும் அது எவ்வளவு தெளிவாகக் கண்ணில் படுகிறது என்பதையும் தனித்தனியே பிரித்துச் சோதித்தார்கள். தொகை மறைந்திருக்கும்போதுதான் அதை உயர்த்துவது வருமானத்தைக் கூட்டியது. தொகை குறைவாக இருந்தால் வெளிப்படையாகக் காட்டுவதே விற்பவருக்கு நல்லது. பார்த்துவிட்டுத்தானே கேட்டீர்கள் என்ற வாதத்தை இந்த ஆய்வு பாதி உடைத்துவிடுகிறது. பக்கத்தின் மூலையில் இருந்ததைப் பார்க்க முடிந்தது என்பதும், பார்த்தார் என்பதும் ஒன்றல்ல.

இனி தீர்வுகள். 2007-ல் ஈபே கொண்டுவந்த விரிவான நட்சத்திர மதிப்பீடு, நோக்கத்தில் உயர்ந்தது, வடிவத்தில் மிக மோசமானது. தபால் கட்டணத்துக்கென்றே தனியாக ஐந்து நட்சத்திரங்கள். யார் எத்தனை போட்டார் என்பது விற்றவருக்குத் தெரியாது. வாங்குபவர் பழிவாங்கலுக்கு அஞ்சாமல் உண்மையைச் சொல்லலாம் என்பது அதன் நன்மை. ஆனால் நான்கு நட்சத்திரத்துக்கு ஈபே தந்த விளக்கம் ‘நியாயமானது’ என்பது. கட்டணம் நியாயம் என்று நினைத்தவர் அந்த விளக்கத்தை நம்பி நான்கு போட்டார். பெரிய விற்பனையாளர்களுக்கான கமிஷன் தள்ளுபடிக்கோ 2008-ல் சராசரி 4.6 வேண்டியிருந்தது. எல்லா வாங்குபவர்களும் நியாயம் என்று தீர்ப்பளித்தாலும் விற்றவர் தோற்பார். தான் வரையறுத்த அளவுகோலைத் தானே மதிக்காத முறை இது. இரும்புச் சாமான் விற்பவரையும் தபால்தலை விற்பவரையும் ஒரே தராசில் நிறுத்தியது அடுத்த குறை. கனமான பொருளை அசல் கட்டணத்துக்கே அனுப்பியவர், அந்தக் கட்டணம் பெரிது என்பதாலேயே நட்சத்திரம் இழந்தார்.

புத்தகம், டிவிடி போன்ற பிரிவுகளில் தபால் தொகைக்கு உச்சவரம்பு வைத்தது கரடுமுரடான மருந்து. அதில் அடிபட்டவர்கள் மோசடிக்காரர்கள் மட்டுமல்லர். மெல்லிய நாவலுக்குப் போதுமான வரம்பு கனமான ஓவியத் தொகுப்புக்குப் போதவில்லை.

2011 ஜூலையில் வந்த மாற்றமே தீர்க்கமானது. அமெரிக்கத் தளத்தில் தபால் தொகையையும் சேர்த்து மொத்தத்துக்குக் கமிஷன் என்று ஈபே விதித்தது. சாதாரண விற்பனையாளரின் ஏலங்களுக்கு 9 சதவீதம். 1 சென்ட் விலையும் 9 டாலர் 99 சென்ட் தபாலும் போட்டவர் அதுவரை கட்டாத 90 சென்ட்டை அன்றிலிருந்து கட்டினார். அறிவுரையும் நட்சத்திரமும் செய்யாததை ஒரு கூட்டல் கணக்கு செய்தது. ஒளிப்பதால் கிடைத்த கமிஷன் லாபத்தையே அது எடுத்துவிட்டது. முறையியல் நோக்கில் ஈபேயின் முயற்சிகளில் ஒத்திசைவுள்ள ஒரே தீர்வு இதுதான்.

அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய தையல் இயந்திரம் ஒன்று 30 டாலருக்குப் போகிறது, அனுப்ப 40 டாலர் ஆகிறது. முன்பு கமிஷன் 2 டாலர் 70 சென்ட். புது விதியில் 6 டாலர் 30 சென்ட். அந்த 40 டாலரில் ஒரு சென்ட்கூட விற்றவர் கையில் தங்கவில்லை. தபால் துறைக்குப் போன பணத்துக்கு அவர் கமிஷன் கட்டினார். அதை ஈடுகட்ட அவர் தபால் தொகையைச் சற்று உயர்த்தினால், உறையைப் பார்த்த வாங்கியவர் மறுபடி சண்டைக்கு வருவார். பழைய வழக்கை முடித்த விதி, நேர்மையானவர்கள் தலையில் புது வழக்கைக் கட்டியது.

ஐரோப்பியச் சட்டம் இந்தச் சிக்கலின் ஒரு மூலையைத் தெளிவாக்கியது. ஹைன்ரிஷ் ஹைனே என்ற ஜெர்மன் தபால்வழி விற்பனை நிறுவனத்தின் வழக்கில் 2010 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம், நுகர்வோர் ஒப்பந்தத்திலிருந்து விலகினால் பொருளை அனுப்பியதற்கான செலவையும் வணிகர் திருப்பித்தர வேண்டும் என்றது. வாங்குபவருக்குத் தபால் செலவு விலையோடு ஒட்டியது என்ற பார்வை இதில் உறுதியாகிறது. வீட்டிலிருந்து பழையதை விற்கும் தனிநபரை இது கட்டுப்படுத்தாது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு பகுதியுடையது. ஏல விலையால் வரிசைப்படுத்திய பட்டியலும் தபாலைத் தொடாத கமிஷனும் இருந்த காலத்தில் முதல் பொறுப்பு ஈபேயுடையது. விற்றவரும் வாங்கியவரும் அதன் விதிக்குள் நின்றே சண்டையிட்டார்கள். 2011-க்குப் பிறகும் அந்தப் பொறுப்பு தீரவில்லை. விற்பவர் தளத்தின் வழியாகவே தபால் சீட்டு வாங்கி அச்சிட்டால் அசல் கட்டணம் எவ்வளவு என்பது ஈபேக்குச் சென்ட் கணக்கில் தெரியும். அந்தத் தொகைக்குக் கமிஷன் விலக்கு தந்து, அதற்கு மேல் வாங்கியதற்கு மட்டும் வசூலித்திருந்தால் ஒளிப்பவருக்கு லாபமில்லை, தையல் இயந்திரம் விற்றவருக்கும் நட்டமில்லை. கைக்கெட்டிய அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் மொத்தத்துக்கும் கமிஷன் எடுத்ததே, நல்லதொரு விதியின் மன்னிக்க முடியாத குறை.