மறைவு குற்றத்திற்கு ஏதுவாமோ?

அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்திலே பதி பசு பாசங்களின் இயல்பை நிறுவப் புகுமுன் அளவையை வைத்தருளினார். அளக்குங் கோல் செவ்விதாகாதவழி அளக்கப்பட்ட பொருளும் செவ்விதாகாது என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். காட்சிக்கு ஐயமும் திரிபும் குற்றமாம். கருதலுக்கு ஏதுப்போலி குற்றமாம். உரைக்குச் சொல்லுவோன் மெய்யுரையாளன் அல்லனாதல் குற்றமாம். இவற்றைச் சமயநூல் கற்குங்கால் மட்டும் நினைந்து ஏனைக்காலத்து மறந்துவிடுதல் கற்றோர்க்கு அழகன்று. ஒரு கூட்டத்தாரைப் பற்றி ஊரார் கூறும் பழியைக் கேட்குமிடத்தும் இவையே நமக்குத் துணையாவன. இவ்வுண்மை விளங்குதற்கு, பிரான்சு நாட்டில் ஒரு காலத்துப் பெரும் பரபரப்பை விளைத்த நூலொன்றை ஈண்டு ஆராய்வாம். அந்நூல் நம் நாட்டு வழிபாட்டையும் உடன்பழித்ததாகலின், சைவ நன்மக்கள் அதனை அயலார் வழக்கென்று ஒதுக்குதற்கில்லை.

அந்நூல் பழிக்கப் புகுந்தது பிரீமேசன் எனப்படுங் கூட்டத்தாரை. மேலைநாட்டிற் கற்பணி செய்த கொத்தர்களின் தொழிற் கட்டுப்பாடுகளையும், மூலைமட்டம் கவராயம் முதலிய கருவிகளையும் நல்லொழுக்கத்திற்கு அடையாளமாகக் கொண்டு, கொத்தரல்லாதாரும் சேர்ந்து நடாத்துஞ் சங்கம் அது. இலண்டன் மாநகரில் நான்கு சங்கங்கள் ஒன்றுகூடி 1717-ஆம் ஆண்டிற் பெருஞ்சங்கம் ஒன்றை நிறுவின என்பது அவர்தம் மரபு. 1723-இல் தம் சட்டநூலை அச்சிட்டு வெளியிட்டனர். ஒருவரையொருவர் அறிந்துகோடற்குரிய குறிகளும், கைபற்றும் முறையும், சில சொற்களும், சேர்க்கைச் சடங்குகளுமே அவர் மறைத்து வைப்பன. அவற்றையும் 1730-இல் சாமுவேல் பிரிச்சார்டு என்பார் நூலாக அச்சிட்டு விற்றனர். ஆகவே அவர்தம் மறைபொருளிற் பெரும்பகுதி அன்றே கடைத்தெருவிற் கிடைப்பதாயிற்று. ஆயினும் உலகத்தார்க்கு ஐயம் தீர்ந்திலது.

தீராமைக்குக் காரணம் யாதெனின், அடைத்த கதவும், சூளுறவும், பல சமயத்தார் ஓரிடத்துக் கூடுதலுமாம். 1738-இற் பாப்பரசர் பன்னிரண்டாங் கிளெமென்டு இச்சங்கத்திற் சேர்தலைத் தம் சமயத்தார்க்கு விலக்கினர். தீமை செய்யாராயின் அவர் ஒளியை இத்துணை வெறார் என்பது ஆண்டுக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1884-இற் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவும் இச்சங்கத்தைக் கடிந்து நீண்டதோர் ஆணைமடல் விடுத்தனர். இனி, வடஇந்தியாவிற் பொதுமக்கள் இவர்தம் கூடங்களை ஜாதூகர், அஃதாவது மாயவித்தை வீடு, என்று வழங்கினர். கற்றார் கருத்தும் கல்லார் வழக்கும் ஒரு வேரிலிருந்தே கிளைத்தன: மறைத்தலின் தீது என்பதே அவ்வேர்.

இவ்வேருக்கு நீர் பாய்ச்சி வயிறு வளர்த்தவர் லியோ தாக்சில் என்னும் புனைபெயரினர். இவர் 1854-இல் மார்சேல் நகரிற் பிறந்தவர். முதலிற் கிறித்து சமயக் குருமாரை இழித்துரைக்கும் நூல்களை எழுதி விற்றவர். 1881-இற் பிரீமேசன் சங்கத்திற் சேர்ந்து சின்னாளில் விலக்கப்பட்டவர். 1885-இல் தாம் மனந்திரும்பிக் கத்தோலிக்கர் ஆயினதாகப் பறைசாற்றி, சங்கத்தின் இரகசியங்களை வெளியிடுவதாக நூன்மேல் நூலாக எழுதலாயினர். 1887-இற் பாப்பரசரை நேரிற் காணும் பேறும் பெற்றனர். பின்னர் 1892-ஆம் ஆண்டு தொடங்கி, வேறொருவரையுந் துணைக்கொண்டு, டாக்டர் பதாய் என்னும் பொய்ப்பெயரில் 'பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிசாசு' என்ற பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டனர். நாம் ஆராயப் புகுந்த நூல் இதுவே. பிரீமேசன் சங்கங்களுக்கெல்லாம் மேலாகப் பல்லாடியம் என்றொரு மறைசபை உண்டென்றும், அது லூசிபர் என்னும் பிசாசை வழிபடுவதென்றும், அதன் தலைமைப்பீடம் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் உள்ளதென்றும் அந்நூல் கூறிற்று. பிசாசு சிறகுடைய முதலையாய்த் தோன்றிப் பியானோ வாசித்தது என்பதும் அதன்கண் உள்ளது. இவ்வளவும் நம்பப்பட்டன.

இனி நம் நாட்டைப் பற்றி அஃது உரைத்ததைக் காண்பாம். கதை சொல்லும் மருத்துவர் கப்பலிற் புறப்பட்டு இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கி, புதுச்சேரிக்கும் கல்கத்தாவுக்கும் செல்கின்றார். சென்றவிடமெங்கும் இந்நாட்டுத் துறவிகள் பிசாசின் அடியாராகவும், இந்நாட்டு வழிபாடு பிசாசு வழிபாடாகவும் அவர் கண்ணுக்குப் புலப்படுகின்றன. கல்கத்தாவுக்கு அணித்தான தாப்பா என்னுமிடத்திற் கருங்கல் மலையொன்றில் ஏழு கோயில்கள் உள்ளனவென்றும், ஆண்டுப் பல்லாடியர் கொடுஞ்சடங்கு இயற்றுவரென்றும் எழுதுகின்றார். பிரீமேசன் கூட்டத்தாரைப் பழிக்க எடுத்த கோல் நம்மவர் முதுகிலும் வீழ்ந்தவாறு இது. பிறரைப் பற்றிய ஐயத்தை ஆராயாது வளரவிடின், அது வேலிதாண்டி நம் கொல்லையிலும் மேயும் என்பது இதனாற் பெறப்படும்.

இந்நூலை அளவை மூன்றானும் முறையே சீர்தூக்குவாம்.

முதலாவது காட்சி. கல்கத்தா கங்கையாறு கொணர்ந்த வண்டற் சமவெளியில் அமைந்த நகரம். தாப்பா அதன் கீழ்பாலுள்ள சதுப்புநிலம். நகரத்துக் குப்பை கொட்டப்படும் இடம். ஆண்டுக் கருங்கல் மலையும் இல்லை, மலைக்கோயிலும் இல்லை. கல்கத்தாவைக் கண்ட ஒருவரை வினாவியிருப்பின் ஒரு நாழிகையில் இப்பொய் வெளிப்பட்டிருக்கும். கிப்ரால்டர் மலைக்குகையிற் பிசாசின் தொழிற்சாலை உளதென்று அந்நூல் எழுதியவழி, அவ்வூர்க் கத்தோலிக்கத் தலைமைக் குருவே அஃதின்றென மறுத்தனர் என்றும், சார்ல்ஸ்டன் மேற்றிராணியாரும் தம்மூரைப் பற்றிய கதை பொய்யென உரைத்தனர் என்றும் பின்னாளில் தாக்சிலே கூறினர். கண்டார் கூற்று ஏலாதாகவும் காணாதார் கூற்று ஏற்புடைத்தாகவும் ஆயின காலத்துக் காட்சி அளவை என் செய்யும்?

இரண்டாவது உரை. உரை அளவையாதற்குச் சொல்லுவோன் பொருளை உள்ளவாறு உணர்ந்தவனாதலும், வஞ்சனையின்றி உரைப்பவனாதலும் வேண்டும். நேற்றுவரை குருமாரைப் பழித்து விற்றுண்டவர் இன்று அக்குருமாரின் பகைவரைப் பழித்து விற்றுண்கின்றார் எனின், மாறியது விலைப்பொருளோ உள்ளமோ என வினாவுதல் கேட்போர் கடன். அவர் கூற்று தாம் முன்னரே நம்ப விழைந்ததனோடு ஒத்தமையின் பலர் அவ்வினாவை எழுப்பினாரல்லர். விருப்பத்தோடு ஒத்தல் மெய்ம்மைக்கு அடையாளமன்று.

மூன்றாவது கருதல். இதுவே இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலை. இச்சங்கத்தார் தீயோர் என்பது மேற்கோள். மறைந்து கூடலான் என்பது ஏது. கள்வர் போல என்பது எடுத்துக்காட்டு. இவ்வேது நல்லேதுவாதற்கு, மறைவு எங்குண்டோ அங்கெல்லாந் தீமை உண்டாதல் வேண்டும். தீமையில்லாவிடத்து மறைவும் இல்லையாதல் வேண்டும். உலகியலோ அங்ஙனம் இல்லை. நோயாளன் கூறியதை மருத்துவன் மறைக்கின்றான். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமற் கொடுப்போரும் உளர். கத்தோலிக்கக் குருவானவர் பாவமன்னிப்பு வேண்டிவந்தோர் கூறியதை உயிர்போயினும் வெளியிடார். முற்காலத்துக் கிறித்தவர் உரோமாபுரியில் மறைந்து கூடினமையின், அவர் குழவிகளைக் கொன்று உண்பர் என்று அயலார் பழிகூறினர். அப்பழி பொய்யென்பதைக் கிறித்தவர் நன்கறிவர். இனி, இறைவன் ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று; அம்மறைப்பும் உயிர்களின் மலம் பரிபாகம் எய்துதற்பொருட்டாதலின் அருளேயாம் என்பது சித்தாந்தத் துணிபு. எனவே மறைவு என்னும் ஏது சபக்கத்தும் விபக்கத்தும் ஒப்பச் செல்லுதலின் அநைகாந்திகப் போலியாய் ஒழிந்தது. அது பிறப்பிக்கக் கூடியது ஐயம் ஒன்றே, துணிவன்று.

அற்றேல், இச்சங்கத்தார் செய்த தீமை ஒன்றும் இன்றோ எனின், உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்துப் பதேவியா ஊரினரான வில்லியம் மார்கன் என்பவர் சங்க மறைகளை அச்சிடப் புகுந்தார். 1826 செப்டம்பரிற் சங்கத்தார் சிலர் அவரைக் கடத்திச் சென்றனர்; பின்னர் அவரைக் கண்டாரில்லை. வழக்கு மன்றங்களில் அக்கூட்டத்தாரின் செல்வாக்குப் புகுந்ததென்று மக்கள் வெகுண்டனர். கடத்தினோர் பெற்ற தண்டனை சிறிது. அவ்வெகுளியினின்றும் பிரீமேசன் எதிர்ப்புக் கட்சி ஒன்று எழுந்து 1832-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வெர்மான்ட் மாகாணத்தை வென்றது. இத்தாலியிற் பி-2 என்ற சங்கம் தன் தாய்ச்சங்கத்தின் தடையையும் மீறி மறைவாக நடைபெற்றது; 1981-இல் அரசினர் கைப்பற்றிய அதன் பட்டியலில் அமைச்சரும் படைத்தலைவரும் உள்ளிட்ட 962 பெயர்கள் இருந்தன. மறைசங்கங்களைத் தடுக்கும் சட்டம் 1982-இல் ஆண்டு இயற்றப்பட்டது. நாட்டு நீதியினும் சங்கத்து உறவு பெரிதெனக் கொண்ட இடமெல்லாம் குற்றமே என்பதில் ஐயமில்லை.

ஆயின் இவ்விரு குற்றங்களும் அறியப்பட்ட வழியை நோக்குக. ஒன்றிற் கடத்தினோர் பெயரும், சென்ற வழியும், சான்றாளரும் உளர். மற்றொன்றிற் கைப்பற்றிய பட்டியல் உளது. மறைவு கண்டவிடத்து ஐயுற்றனர், ஐயுற்றவிடத்துத் தேடினர், தேடியவிடத்துக் கிடைத்தது கொண்டு துணிந்தனர். நெறி இதுவே. தாக்சில் நூலைப் படித்தோரோ ஐயத்திலிருந்து தேடலின்றியே துணிவுக்குத் தாவினர். அன்றியும் மெய்க்குற்றம் செய்தோர்க்கு இத்தகைய பொய்க்கதையே பேருதவி. முதலை பியானோ வாசித்தது என்பானோடு கூடிநிற்பவன் கூறும் மெய்யையும் உலகம் நகைத்தொதுக்கும்.

நெறிநின்று ஆராய்ந்தோர் அக்காலத்தும் இல்லாமற் போகவில்லை. ஆங்கிலேயரான ஏ. இ. வெயிட் என்பார் 1896-இலேயே அந்நூலின் பொய்களை எடுத்துக்காட்டி ஒரு நூல் வெளியிட்டனர். அவர் அக்காலத்துப் பிரீமேசன் அல்லர். செருமானிய இயேசு சபைக் குருவாகிய குருபர் என்பார் பிரீமேசன் கொள்கைக்கு மாறுபட்டவராயிருந்தும், தாக்சில் கூற்று வஞ்சனையென வெளிப்படுத்தினர். தமக்குப் பகைவரானோர்மேற் பொய்ப்பழி வந்தவழியும் அதனைப் பொய்யென்று கூறிய இக்குருவின் நேர்மை எச்சமயத்தாரும் போற்றற்பாலது. இவ்வரலாற்றைக் கொண்டு கத்தோலிக்க சமயத்தை இகழ்வோர் இதனை மறவற்க.

முடிவில் 1897 ஏப்ரல் 19-ஆம் நாள் பாரிசு நகரத்துப் பூகோள சங்க மண்டபத்தில் தாக்சில் அவையேறினர். வந்தோரைக் கைத்தடியும் குடையும் வாயிலில் வைத்து வரும்படி செய்து, தாம் பன்னிரண்டு ஆண்டு கூறியன யாவும் விளையாட்டுப் பொய்யே என்று அறிவித்தனர். இளமையில் மார்சேற் கடலில் சுறாக்கள் திரிகின்றனவென்று ஊரை ஏய்த்ததும் தாமே என்றனர். பல்லாடியத்தினின்று மனந்திரும்பினவளாக அவர் புனைந்த டயானா வாகன் என்பவள், தம்மிடம் தட்டச்சுப் பணி செய்த ஒரு பெண்ணே என்றனர். அந்த டயானாவை மெய்யென நம்பி லிசியே கன்னிமாடத்துத் தெரேசாள் என்னும் இளந்துறவி அவள்பொருட்டு நாடகம் எழுதியும், தம் படத்தை அனுப்பியும் இருந்தனர். அப்படம் அந்த அவையின்கண் காட்டப்பட்டது. அவ்வாண்டே தம் 24-ஆம் வயதில் இறந்த அவ்வம்மையார் 1925-இற் கத்தோலிக்கரால் புனிதர் எனப் போற்றப்பட்டனர். தூய அன்புடையார் ஒருவரின் நெஞ்சத்தை நகைப்பொருளாக்கிய கொடுமை, பிரீமேசன் கூட்டத்தார்மேற் கூறிய பொய்யினுங் கொடிது.

பொய்யன் தானே பொய்யென்று ஒப்பிய பின்னும் பொய் இறந்துபட்டிலது. ஆல்பர்ட் பைக் என்பார் லூசிபரைத் தெய்வமென உரைத்தார் என்னும் கட்டுரை அக்காலத்துப் புனைவே. அஃது இன்றும் மெய்போல் எடுத்தாளப்படுகின்றது. 1903-இல் உருசிய நாட்டில் தோன்றிய மற்றொரு கள்ளநூல், யூதரும் பிரீமேசன் கூட்டத்தாரும் உலகை ஆளச் சூழ்கின்றனர் என்றது. 1864-இல் வெளிவந்த பிரெஞ்சு நூலொன்றினின்று அது திருடப்பட்டதென்பதை இலண்டன் டைம்ஸ் இதழ் 1921-இல் மெய்ப்பித்தது. மெய்ப்பித்தும் பயன் என்? செருமனியில் நாசி அரசு 1935-இல் அச்சங்கங்களை ஒழித்தது. ஸ்பெயினில் 1940-ஆம் ஆண்டுச் சட்டம் சங்கத்தில் இருந்தமையையே சிறைக்குரிய குற்றமாக்கியது. யூதர்க்கு நேர்ந்த பேரழிவை உலகம் அறியும். ஏதுப்போலி தருக்க நூலின்கண் ஒரு பிழை. அரசன் கையிலோ அது கொலைவாள்.

இனி நம்மவர்க்கு ஒருசொல். தீக்கையும் மந்திரமும் குருமுகமாகவே பெறற்பாலன என்பது நம் முறை. அம்மறைவைக் கண்டு நம்மை ஐயுறுவோர் உளராயின், அவரைச் சினவாது இரண்டு விடை கூறுதல் தகும். நாம் மறைப்பது பக்குவம் நோக்கி அளிக்கும் உபதேச முறையையன்றிக் கொள்கையை அன்று; திருமுறை பன்னிரண்டும் மெய்கண்ட சாத்திரம் பதினான்கும் யாவரும் கற்க அச்சிற் கிடக்கின்றன. அடியார் கூட்டத்துள் ஒருவர் அறத்தின் வழுவினாராயின், அவரை மறைத்தற்கு நம் மறை உதவாது. உதவுமாயின் அது மறையன்று, களவே. இவ்விரண்டும் எக்கூட்டத்தில் உளவோ அக்கூட்டத்தை ஐயுறுதற்குக் காரணம் இல்லை. இவை இல்லாத கூட்டம் எதுவாயினும், நம்முடையதேயாயினும், ஆராயப்படற்பாலதே. ஆராய்ச்சி முடியுங்காறும் குற்றியோ மகனோ என நிற்பதே அறிவு. இருளிற் கண்டவுடன் மகனென்று துணிந்து கல்லெறிதல் அறிவாகாது.