வகுப்பில் நின்றவர் எங்கே?

கல்வியியல் கருத்தரங்குகளில் அடிக்கடி காதில் விழும் சொல் 'ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்'. தமிழில் பிரதிபலிப்பு என்றும் மறுசிந்தனை என்றும் எழுதுகிறார்கள். ஒரு வேலையைச் செய்தவரே அதைத் திரும்பிப் பார்த்து, அதிலிருந்து கற்று, மறுநாள் வேறு விதமாகச் செய்து பார்ப்பது என்பதே இதன் பொருள். இங்கே அதை மீள்நோக்கு என்கிறேன். மீள்நோக்குக்கு முதலில் வேண்டியது, திரும்பிப் பார்க்கிற ஓர் ஆள். மேடையில் வாசிக்கப்படும் கட்டுரைகளில் அந்த ஆளைத்தான் காணோம். 'ஆய்வாளர் கண்டறிந்தார்', 'மாதிரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன', 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று வாக்கியங்கள் போகின்றன. வகுப்பில் நின்ற பெண் எங்கே?

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே அதிகம். பெண் பிள்ளைக்கு பி.எட். என்பது வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஒத்துவரும் படிப்பு என்று வீடுகள் நினைக்கின்றன. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள் அந்தப் படிப்பை இரண்டு ஆண்டாக்கின. 20 வாரம் பள்ளி சார்ந்த பயிற்சி, 'தன்னை அறிதல்' என்றொரு பாடம், அன்றாட அனுபவத்தை எழுதிவைக்கும் குறிப்பேடு எல்லாம் வந்தன. அதற்கு முன்பே, 2010-இல், பல்கலைக்கழக மானியக் குழு கட்டுரை வாசிப்புக்கு மதிப்பெண் வைத்துவிட்டது: பன்னாட்டுக் கருத்தரங்குக்கு 10, தேசியக் கருத்தரங்குக்கு 7.5, கல்லூரி அளவில் 3. விதிகள் பிறகு மாறின. சான்றிதழுக்காக வாசிக்கும் பழக்கம் மாறவில்லை.

பதிவுக் கட்டணம் கட்டி, ஓ.டி. வாங்கி, விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு பஸ் ஏறி வரும் ஆசிரியைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வில் பத்து நிமிடம் கிடைக்கும். தொடக்க விழா நீண்டுபோனால் ஐந்து நிமிடம். நேரம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது வகுப்பறை. அட்டவணை தப்பித்துவிடும்.

இந்தத் துறையின் மூலநூல்களில் ஒன்றான டொனால்ட் ஷோனின் 'தி ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஷனர்' (1983) சொன்னது நேர் எதிரானது. மேட்டு நிலத்தில் நின்றால் கோட்பாட்டைச் சுத்தமாகப் பொருத்தலாம். மனிதர்களுக்கு முக்கியமான சிக்கல்களோ கீழே சேற்றில் கிடக்கின்றன என்றார் அவர். மருத்துவமும் சட்டமும் பெரிய தொழில்கள், ஆசிரியப் பணியும் சமூகப் பணியும் சிறிய தொழில்கள் என்ற நேதன் கிளேசரின் பாகுபாட்டையும் எடுத்துப் பேசினார். சிறியவை எனப்பட்ட தொழில்களில் பெண்களே நிறைந்திருந்தார்கள் என்பதை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். சேற்றில் நிற்பவரின் அறிவுக்கு மதிப்புக் கேட்ட சிந்தனை அது. அதைப் பற்றிய கட்டுரையையே மேட்டு நில மொழியில் எழுதச் சொல்கிறது கருத்தரங்கு.

குறிப்பேட்டிலும் சிக்கல் உண்டு. 'இன்று எது சரியாக அமையவில்லை? எதைத் திருத்திக்கொள்வேன்?' என்ற கேள்விகள் பெண்ணுக்குப் புதியவை அல்ல. குழம்பு உறைத்தாலும் பிள்ளை மார்க் குறைந்தாலும் தன்னிடம் குறை தேடப் பழக்கப்பட்டவள் அவள். மேற்பார்வையாளர் மதிப்பெண் போடும் குறிப்பேட்டில் அந்தப் பழக்கம் வீட்டுப்பாடமாகிறது. மாணவரை மனம் திறக்கச் சொல்லிவிட்டுத் தான் திறக்காத ஆசிரியர் அதிகாரம் செலுத்துகிறார் என்று பெல் ஹூக்ஸ் 1994-இல் எச்சரித்தார். பயிற்சி மாணவியைத் திரும்பிப் பார்க்கச் சொல்லும் கல்லூரி, தன்னைத் திரும்பிப் பார்த்து எழுதிய பக்கம் எங்கே?

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கடற்கரைகளில் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அதன்பின் அந்தப் பக்கத்து வகுப்பறையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். அப்பா வருவாரா என்று தெரியாத பிள்ளைக்கு முன்னால் எந்தப் பாடத்தை எடுப்பது, எதை நிறுத்துவது, எப்போது சும்மா இருப்பது? இதைவிடக் கூர்மையான மீள்நோக்கு வேறில்லை. ஐந்து புள்ளி அளவுகோலில் இதற்கு எந்தக் கட்டம்?

பெண்ணின் வேலையை வேறொருவர் அறிக்கையாக எழுதுவது இம்மண்ணுக்குப் பழையது. 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அடிமை நிலையிலிருந்த சிலர் அந்த வருமானத்தில் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் மிஷன்காரர்களின் எழுத்து வழியாகவே. இன்றைய ஆசிரியை முதுகலை படித்தவர்; தானே மேடையேறுகிறார். அப்படியிருந்தும் தன்னைப் பற்றி யாரோ எழுதிய அறிக்கையை வாசிப்பதுபோல வாசிக்க வேண்டியிருக்கிறது.

'நான் என்று எழுதினால் அது ஆய்வாகுமா, புலம்பலாகாதா?' என்று அமர்வுத் தலைவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. சொந்தக் கதை மட்டும் ஆய்வாகிவிடாது. ஆனால் பார்ப்பவர் நிற்கும் இடத்தை மறைப்பதால் பார்வை பொதுவாகிவிடுவதில்லை. பாமாவின் 'கருக்கு' (1992) நம் மொழியிலேயே சான்று. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று துறவற மடத்தில் சேர்ந்த தலித் ஆசிரியை, அந்த மடத்துப் பள்ளிகள் யாருக்கு உழைக்கின்றன என்று கண்டு வெளியேறினார். 'நான் எங்கே தவறினேன்' என்பதோடு நில்லாமல் 'இந்தப் பள்ளி யாருக்கானது' என்று கேட்டதால்தான் அது வலுவான மீள்நோக்கு ஆனது.

அடுத்த கருத்தரங்குக்குக் கட்டுரை தயாரிக்கும் மாணவிகள் சிலவற்றைச் செய்து பார்க்கலாம். நடந்த ஒரு வகுப்பிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளின் பெயரையும் அடையாளத்தையும் மறைத்துவிடுங்கள். விளவங்கோட்டுப் பிள்ளையின் மலையாளம் கலந்த தமிழை நீங்கள் திருத்தினீர்களா, விட்டீர்களா, ஏன் என்று 'நான்' போட்டு எழுதுங்கள். உங்கள் சாதி, ஊர், வேலையின் நிரந்தரமின்மை அந்த முடிவில் எவ்வளவு கலந்தது என்றும் எழுதுங்கள். உங்களால் முடியாமல் போனதற்கும் பள்ளி செய்து தராததற்கும் தனித்தனிப் பத்தி ஒதுக்குங்கள். நேரம் குறைந்தால் அட்டவணையை வெட்டுங்கள். நீங்கள் கேட்பவராக உட்கார்ந்திருக்கும் அமர்வில், வாசித்து முடித்த பெண்ணிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது, சொல்லுங்கள்?' அவர் பதில் சொல்லும் நேரத்தையும் அமர்வின் நேரமாகக் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள்.